பொடியை விட்டுட்டு வா

பஸ்ஸுத் தரையில வைக்கணுமாம்ல? கேட்டியா தாயி கண்டக்டரு சொன்ன நியாயத்தை? எத்தனை பேரு துப்பின எடம், எத்தனை செருப்பு மிதிச்ச எடம். அங்க கொண்டுபோயி வாயில போடுற சாமானை வைக்கச் சொல்றாரு. சீ! டப்பா என் மடியிலயே இருக்கட்டும். நீ ஜன்னல் பக்கமே இரு, எனக்குக் காத்து ஆகாது. காலை மட்டும் கொஞ்சம் உள்ள இழுத்துக்கோ.

நீயும் சாயல்குடிதானா? நல்லதாப் போச்சு, பேச்சுத்துணைக்கு ஆளாச்சு.

என்ன, மூக்கைப் பொத்துறே? பொடி வாசமா இருக்கும். கறிப்பொடி தாயி, வீட்டுல அரைச்சது. இறுக்க மூடி மேல துணியும் கட்டித்தான் வச்சிருக்கேன். அதையும் மீறி வருதுன்னா என் கைப்பக்குவம் அப்படி. நான் பொடி போட்டா தெருவுக்கே தெரியும். "சம்முவத்தாய் பொடி போட ஆரம்பிச்சுட்டா"ன்னு எதுத்த வீட்டுல கதவைச் சாத்துவாக. கண்ணு பட்டுரக் கூடாதுன்னு சாத்துறாக போல, நல்ல மனுசங்க.

இரு, வண்டி கெளம்புறதுக்குள்ள மருந்தை எடுத்துக்கிறேன். மூக்குல போடுறதுதான், நீ ஒண்ணும் பயப்படாதே. எங்க வீட்டுக்காரரு இருந்த காலத்துல எனக்குத் தீராத தலைவலி. அவருதான் இடுப்புல சொருகியிருந்த மட்டையைப் பிரிச்சு ஒரு சிட்டிகை எடுத்துக் குடுத்து, "இழுடி"ன்னாரு. தலைவலி போச்சு. பெறகு அவரும் போயிட்டாரு. மருந்து மட்டும் எங்கூட நிக்குது. ஆ... ஆச்சு! அடடா, உம்மேல தெறிச்சிருச்சா? இந்தா, முந்தானையால துடைச்சு விடுறேன். டப்பா மேலயும் கொஞ்சம் பட்டிருக்கு. ம், போயிருச்சு.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், அருவருப்பு. எனக்குச் சின்னதுலருந்தே அருவருப்பு ஜாஸ்தி தாயி. அடுத்தவ குடிச்ச டம்ளரை மூணு தடவை கழுவாம தொட மாட்டேன். ஓட்டல்ல தண்ணி குடிக்க மாட்டேன். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோயி எப்படிப்பட்ட வீட்டுல விட்டான் ஆண்டவன்னு கேளு. எங்க தம்பி தவசி வீட்டுல. அருப்புக்கோட்டையில. எங்க வீட்டுக்காரரு போனதும் தம்பிதான் வந்து கூட்டிட்டுப் போனான். அன்னைக்குப் போனவ, இன்னைக்குத்தான் ஒரேயடியா வெளிய வாரேன். இந்த டப்பாவும் கட்டைப்பையும்தான் சொத்து. சாயல்குடியில எங்க வீட்டுக்காரரு வீடு பூட்டித்தான் கெடக்கு. கூரையில ஓடு இருக்கோ இல்லையோ. போயிப் பாக்கணும்.

ஏன் வந்தேன்னு கேக்குறியா? சொல்றேன். கேட்டுட்டு நீயே சொல்லு, எம்மேல தப்பா, அவுகமேல தப்பான்னு.

தம்பி பொண்டாட்டி பேரு பரிமளம். பேருதான் பரிமளம். அவ கறிப்பொடி வறுக்குறதை நீ ஒரு தடவை பாக்கணும். பாத்தா ஜென்மத்துக்கும் கறி திங்க மாட்டே. மல்லியை வறுத்துக்கிட்டே தலையைச் சொறிவா. அதே கையால அள்ளிப் பாப்பா. வறுத்ததைக் கரண்டியோட மூக்குக்கிட்ட கொண்டுபோயி, நாய் மோந்து பாக்குற மாதிரி சர்ருன்னு மோப்பா. மோந்த மூச்சு அதுக்குள்ளதானே போகும்? சீச்சீ. அது போதாதுன்னு, அரைச்சு வந்த பொடியை உள்ளங்கையில கொட்டி நாக்கால ஒரு நக்கு. அந்த எச்சிக் கையைத் திரும்பவும் டப்பாவுக்குள்ள விடுவா. தூ! நான் பாத்துட்டுக் கொல்லைப்பக்கம் போயி ஓங்கரிச்சிருக்கேன்.

அன்னைக்கே சொல்லிட்டேன், "ஏய் பரிமளம், இனிமே இந்த வீட்டுக்குக் கறிப்பொடி நாந்தான். நீ சட்டிகிட்ட வராதே"ன்னு. தம்பியும் சரின்னுட்டான். அன்னையிலருந்து நல்லது கெட்டது எதுக்குமே என் பொடிதான். கல்யாணமா, காதுகுத்தா, கெடாவெட்டா, "அக்கா, பொடி"ன்னு தம்பி வந்து நிப்பான். அந்த வீட்டுல நான் திங்கிற சோத்துக்கு அதுதான் தாயி எனக்கு மரியாதை. வேற என்ன இருக்கு எங்கிட்ட? புருசன் இல்ல, பிள்ளை இல்ல.

என் பக்குவத்தைக் கேளு. நம்ம பக்கத்துக் குண்டு வத்தல்தான் வாங்குவேன். காம்பு கிள்ளுறதை வேற யாருக்கும் விட மாட்டேன். மல்லியைக் கல்லு மண்ணு பாத்துப் புடைச்சு, கழுவி, மாடியில வேட்டி விரிச்சுக் காயப்போடுவேன். காக்கா எச்சம் போடக் கூடாதுன்னு குடையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். வெயில்ல உக்காந்தா தலைவலி வரும்ல, அப்பப்ப மருந்து போட்டுக்குவேன். பெறகு வறுக்கணும். எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி வறுக்குறது சோம்பேறி வேலை. மல்லி தனி, மிளகு சீரகம் தனி, சோம்பு தனி, பட்டை கிராம்பு ஏலம் தனி, கல்பாசிக்கு வெறும் சூடு போதும். வத்தலைக் கடைசியில போட்டு ஒரு புரட்டு. எல்லாத்தையும் கையாலதான் தொட்டுப் பாப்பேன், கண்ணாலதான் பாப்பேன். மோக்கவே மாட்டேன். கேட்டுக்கோ, நான் பொடியை மோந்து பாத்ததே கெடையாது. மோந்து பாத்தா எச்சில்தான் அது. சாமிக்குக் கட்டுற மாலையை மோந்து பாப்பமா?

மிஷினுக்கும் நானே தூக்கிட்டுப் போவேன். மிஷின்காரனை நம்ப முடியாது. நமக்கு முன்னால எவளாவது சீயக்காய் அரைச்சிருப்பா. அப்படியே நம்மளதைக் கொட்டிருவான். நான் விட மாட்டேன். ஒரு கை அரிசியைப் போட்டு முதல்ல ஓட்டுன்னுவேன். அந்த அரிசி மாவைக் கையில எடுத்துப் பாத்துட்டுத்தான் என் சாமானைப் போடணும். மிஷின்காரனுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். என் தலை தெரிஞ்சா மூஞ்சியில துண்டைக் கட்டிக்கிருவான். மிளகா நெடிக்குன்னு சொல்றான். மத்தவ கொண்டுவர்ற மிளகாயில நெடி இல்லையா?

அரைச்சதைச் சூடாற விட்டுச் சலிக்கணும். சல்லடையில சலிச்சா கொரகொரன்னு நிக்கும். நான் இந்தா கட்டியிருக்கேன்ல, இந்தப் பழைய நூல்சேலை முந்தானையை விரிச்சு அதுலதான் சலிப்பேன். மாவு மாதிரி எறங்கும். பரிமளம் ஒரு நாளு வாயைத் தொறந்தா, "மதினி, வெள்ளைத்துணி புதுசா இருக்கு, அதுல சலிக்கலாமே"ன்னு. புதுத்துணியில கஞ்சி இருக்கும்டி, கடைக்காரன் கை பட்டிருக்கும்டின்னேன். என் முந்தானையை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிட்டா. பொறாமை தாயி, வேறென்ன. எங்கிட்ட இருக்குற பக்குவம் தனக்கு வரலையேன்னு.

நீ ஏன் தண்ணி பாட்டிலை அங்கிட்டு மாத்தி வைக்கிறே? இருக்கட்டும், நான் அடுத்தவ தண்ணியைத் தொட மாட்டேன்.

இப்ப நடந்ததைச் சொல்றேன். தவசிக்கு ஒரே மக, தேன்மொழி. தேனு தேனும்பேன். பெத்தது பரிமளம், வளத்தது நான். என் மடியிலதான் கெடப்பா. பால் குடிக்க மட்டும் ஆத்தாகிட்ட போவா. குழந்தையில அவளுக்கு ஓயாம தும்மல், ஓயாம சளி. டாக்டரு கண்டுபிடிக்கவே இல்ல. நான் ஒரு மாசம் சாயல்குடிக்கு வீட்டைப் பாக்க வந்தப்ப என்னமோ தானாச் சரியாப் போச்சு. திரும்பிப் போனேன், திரும்பவும் தும்மல். என்னைப் பிரிஞ்ச ஏக்கம், பாத்த சந்தோசம், ரெண்டும் சேந்து ஒடம்புக்கு ஒத்துக்கலைன்னு நான் நினைச்சேன்.

அவளை மதுரையில குடுத்திருக்கு. இப்ப மாசமா இருக்கா. போன ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. வளைகாப்புக்கு மறுநாள் சம்பந்தக்காரகளுக்குக் கறி விருந்து போட்டுத்தான் அனுப்பணும், அது எங்க வழக்கம். கறி விருந்துன்னா யாரு பொடி? என் பொடி. ஒரு வாரமா மாடிக்கும் மிஷினுக்கும் நடந்தேன்.

வறுக்குற அன்னைக்கே சனியன் ஆரம்பிச்சுருச்சு. நான் பாட்டுக்கு மல்லியைக் கிண்டிக்கிட்டு இருக்கேன். பரிமளம் கூடத்துலருந்து ஓடி வாரா. "மதினி, கருகுது! கருகுது மதினி! வீடெல்லாம் நாறுது, ஒங்களுக்குத் தெரியலையா?"ன்னு கத்துறா. சட்டியைத் தூக்கிக் கீழ வைக்குறா. நல்ல செகப்பா வறுத்தாத்தாண்டி கறிக்கு நெறம் குடுக்கும், போடி அங்கிட்டுன்னேன். புகை மண்டி எனக்கே கண்ணுல தண்ணி வந்தது, அது வேற விசயம். இருந்தாலும் கருகல் வாடைன்னு எனக்கு ஒண்ணும் அடிக்கலையே. அவளுக்கு மட்டும் எப்படி அடிக்கும், கூடத்துல இருந்தவளுக்கு? வேணும்னே பண்றா.

விருந்தன்னைக்கு இலை போட்டாச்சு. சம்பந்தி அம்மா நடுவுல உக்காந்திருக்காக. நல்ல செகப்பு, நல்ல உசரம், பள்ளிக்கூடத்து டீச்சரா இருந்தவுக. மாப்பிள்ளை பக்கத்துல. நானே சட்டியைத் தூக்கிட்டுப் போயிக் கறி போட்டேன். போடுறதுக்கு முந்தி கையை நல்லாக் கழுவிட்டு, தலைவலிச்சுதுன்னு மருந்தும் எடுத்துக்கிட்டு, முந்தானையில கையைத் துடைச்சுட்டுத்தான் போனேன். சுத்தத்துல என்னைக் குறை சொல்ல ஆளில்லை.

அந்தம்மா முதல் வாய் வச்சாக. வச்சவுக அப்படியே நிறுத்திட்டாக. மெல்லுறாக, முழுங்கல. என்னைப் பாத்தாக. பெறகு ஒரு தும்மல். அதுக்குப் பெறகு மாப்பிள்ளைக்கு ஒரு தும்மல். பந்தியில அங்கிட்டு ஒருத்தரு, இங்கிட்டு ஒருத்தரு. எனக்குப் பெருமை தாங்கல. பொடின்னா தும்ம வைக்கணும் தாயி. தும்மல் வராத பொடி என்ன பொடி?

அந்தம்மா என்னைக் கிட்டக்கக் கூப்பிட்டு, மெல்லக் கேட்டாக, "ஏங்க, நீங்க பொடி போடுவீங்களா?"ன்னு.

"பின்னே? நாந்தான் போடுறேன். என்னைத் தவிர இந்த வீட்டுல யாரும் போட மாட்டாக"ன்னேன்.

"ரொம்ப வருசமாவா?"

"கல்யாணமான புதுசுலருந்து. எங்க வீட்டுக்காரருக்கு நான் பொடி போட்டாத்தான் பிடிக்கும்."

அந்தம்மா ஒரு மாதிரி பாத்தாக. "அதை விட முடியாதா?"ன்னாக.

"ஏன் விடணும்? சாகுற மட்டும் போடுவேன். ஒங்களுக்கும் ஒரு டப்பா கட்டி வச்சிருக்கேன். நம்ம பிள்ளைக்கும் குடுத்து விடுறேன், அவளும் பழகிக்கிரட்டும்"ன்னேன்.

நல்ல வார்த்தைதானே சொன்னேன்? அந்தம்மா இலையை மூடிட்டாக. கறி அப்படியே கெடக்கு. சம்பந்தி வீட்டுக்கு வந்து இலையை மூடுறது எம்புட்டுப் பெரிய அவமானம்னு டீச்சருக்குத் தெரியாதா? அதுக்குள்ள பரிமளம் ஓடி வாரா, "அய்யய்யோ, இருங்க சம்பந்தி, வேற இலை போடுறேன்"னு. கொல்லைப்பக்கம் போனா, இன்னொரு சட்டியைத் தூக்கிட்டு வந்தா. அதுலயும் கறி!

வெளங்குதா? ரெண்டாவது சட்டி. எனக்குத் தெரியாம, கொல்லையில வெறகடுப்பு மூட்டி, முன்கூட்டியே ஆக்கி வச்சிருக்கா. அதை ஊத்தினா. எல்லாரும் தின்னாக. மாப்பிள்ளை ரெண்டாந்தடவை கேட்டு வாங்கித் தின்னாரு. ஒரு தும்மல் இல்ல. ஒரு கண்ணீர் இல்ல. சவம் மாதிரிக் கறி.

எனக்குச் சந்தேகம். போயிக் குப்பைக்கூடையைக் கிண்டிப் பாத்தேன். நான், குப்பையைத் தொட்டேன் தாயி, என்னைப் போல ஒருத்தி. உள்ள என்ன கெடக்கு? கடைப் பாக்கெட்டு. பளபளன்னு கவரு. கறிப்பொடிக் கவரு! எவன் அரைச்சானோ, எந்தக் கையால அள்ளினானோ, உள்ள பல்லி விழுந்துச்சோ கரப்பான் விழுந்துச்சோ. அதைத்தான் அத்தனை பேரும் விரலைச் சூப்பிச் சூப்பித் தின்னாக. என் தம்பியும் தின்னான். ஒரு கவரு இல்ல தாயி, அடியில பழைய கவரும் கெடந்தது. அப்படின்னா இது இன்னைக்கு நேத்து நடக்குற கூத்து இல்ல. நான் போடுற பொடியை எங்க கொட்டுறாக? எத்தனை நாளா? முருங்கைமரத்துக்கு அடியில மண்ணு செகப்பா இருக்கும், நான் செம்மண்ணுன்னு நினைச்சிருந்தேன்.

இரு. மருந்து போட்டுக்கிறேன். சொல்லச் சொல்ல மண்டை இடிக்குது.

ஆச்சு. நீ கண்ணைத் தொடச்சுக்கோ. பாவம், என் கதையைக் கேட்டு அழுறே. அந்த வீட்டுல ஒருத்தியும் அழல.

இல்ல, ஒருத்தி அழுதா. தேனு அழுதா. அதைத்தான் என்னால தாங்க முடியல.

சம்பந்தக்காரக எல்லாம் சாஞ்சு படுத்திருந்த நேரம். நான் குழாயடியில என் சட்டியைக் கழுவிக்கிட்டு இருக்கேன். கறி முழுக்க அப்படியே நாய்க்குப் போட்டேன். நாய் மோந்து பாத்துட்டுப் போயிருச்சு, அதுக்கும் பரிமளம்தான் சோறு போடுறா, அவ பக்கம்தான் நிக்கும். அப்பத்தான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தேனு வந்தா. பக்கத்துல உக்காந்தா. என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"அத்தை, நீ எங்கூட மதுரைக்கு வந்துரு. இங்க அம்மாகூட மல்லுக்கட்டினது போதும். பிள்ளை பெறந்தா நீதான் குளிப்பாட்டணும். என்னை வளத்த மாதிரி நீதான் வளக்கணும். அவருகிட்ட கேட்டுட்டேன். அவுக அம்மாகிட்டயும் பேசிட்டேன்"னா.

எனக்கு நெஞ்சு பொங்கிருச்சு தாயி. இத்தனை வருசத்துல என்னை யாரும் வான்னு கூப்பிட்டதே இல்ல. தம்பி கூட்டிட்டு வந்தான், அது கடமை. இவ கூப்பிடுறா, அது ஆசை. வெளங்குதா? பச்சைப்பிள்ளையைக் கையில ஏந்தி, வெந்நி ஊத்தி, சாம்பிராணி போட்டு... எனக்கு வேற என்ன வேணும்?

"வாரேன்டி என் தங்கம்"னேன்.

"ஆனா ஒண்ணு அத்தை"ன்னா. தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "பொடியை விட்டுட்டு வா."

எனக்கு முதல்ல காதுல சரியா விழலையோன்னு நினைச்சேன். "என்னடி சொன்னே?"

"பொடி வேணாம் அத்தை. பச்சைப்பிள்ளை இருக்குற வீடு. உன் கையில பொடி, சேலையில பொடி. அந்த மடியிலதானே பிள்ளை கெடக்கும்? மூச்சுல போயிரும். எனக்குப் பழகிப்போச்சு, பொறுத்துக்கிருவேன். என் மாமியாருக்கு அந்த வாடையே ஆகல. இன்னைக்கே பாத்தேல்ல? இதை மட்டும் விட்டுரு அத்தை, உன் கால்ல விழுகுறேன்"னா.

பாத்தியா தாயி? அந்த டீச்சரு ஓதிக் குடுத்தது. என் பொடி வாடையாம்! நான் கேட்டேன், "ஏன்டி, உன் கல்யாணத்துக்குக் கறி யாரு பொடியில ஆச்சு? நீ பெரியவளான சடங்குக்கு யாரு பொடி?"ன்னு. அவ ஒண்ணும் வெளங்காத மாதிரி முழிக்குறா. "அது வேற அத்தை"ன்னா. என்னடி வேற? "பொடின்னா நான், நான்னா பொடி. பொடியை விட்டா நான் யாருடி? ஓசிச் சோறு திங்குற அறுதலி"ன்னேன்.

அவ அழ ஆரம்பிச்சுட்டா. "பொடி வேணுமா, நான் வேணுமா, சொல்லு"ன்னா.

கோவம் தாயி. கண்ணு மண்ணு தெரியாத கோவம். அந்தப் பாக்கெட்டுக் கவரு கண்ணு முன்னாடி நிக்குது. "பொடிதான் வேணும்"னுட்டேன்.

அவ எந்திரிச்சுப் போயிட்டா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு, மெல்ல. போறப்பவும் ஒரு தும்மல் தும்மிட்டுத்தான் போனா.

இன்னைக்குக் காலையில பையைக் கட்டினேன். தம்பி வாசல்ல நிக்குறான். "அக்கா, அந்தக் கருமத்தை விட்டுத் தொலைச்சா என்ன? பிள்ளை அப்படி அழுறாளே"ங்கிறான். என் பொடி கருமமாம். கூடப்பெறந்தவன் சொல்றான். நான் அவன் மூஞ்சியிலயே முழிக்கல. மிச்சம் இருந்த பொடி பூராத்தையும் வழிச்சு இந்த டப்பாவுல போட்டேன், ஒரு சிட்டிகை அந்த வீட்டுல வைக்கல. கெளம்பி வந்துட்டேன். சாயல்குடியில ஒத்தைக்கட்டையா ஒலை வச்சுக் கறி ஆக்கித் தின்னுட்டுக் கெடக்குறேன். யாரு வேணும் எனக்கு?

இந்தா, அடிக்குது பாரு போனு. அவதான். காலையிலருந்து அடிச்சுக்கிட்டே இருக்கா. நான் எடுக்க மாட்டேன். எடுத்தா அழுதுருவேன்.

ஓயாது போல இருக்கே. நீ எடுத்துப் பேசு தாயி, இப்பத்தான் மருந்தைச் சிட்டிகையில எடுத்தேன், கையை விரிச்சா சிந்திரும். பையில மேலாக்க இருக்கும். "ஒங்க அத்தை பஸ்ஸுல வாராக, பொடியை விட மாட்டாகளாம்"னு மட்டும் சொல்லிட்டு வச்சுரு.

என்ன, அவளே பேசிக்கிட்டு இருக்காளா? என்னங்கிறா?

எந்தப் பொடியா? என்ன கேள்வி இது, கறிப்பொடிதான். இந்தா டப்பாவுல இருக்கே. கறிப்பொடியை விட்டுட்டு வான்னுதானே சொன்னா. வேற எந்தப் பொடி இருக்கு எங்கிட்ட?

அழுறாளா? சிரிக்குறாளா? ரெண்டுமா? என்னன்னு சொல்லித் தொலை தாயி. ஏன் என் கையவே பாக்குறே?

என் கையில... இதுவா?

இது மருந்துல்ல?

இதையா சொன்னா? இதைப் போயி யாரு பொடிம்பா? நான் ஒரு நாளும் சொன்னதில்லையே. எங்க வீட்டுக்காரரும் சொன்னதில்ல, மட்டைன்னுவாரு. இதைச் சொல்றதுன்னா மூக்குப்பொடின்னு வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு கூச்சமா இருந்துச்சாமா அவளுக்கு? நல்ல கூச்சம்.

வச்சுட்டாளா? என்ன சொன்னா கடைசியா? இப்பவும் அதைத்தான் சொல்றாளா, விட்டுட்டு வான்னு?

அப்ப அந்த டீச்சரம்மா கேட்டது... பொடி போடுவீங்களான்னு... யாத்தி! நான் என்ன சொன்னேன்? ஒங்களுக்கும் ஒரு டப்பா கட்டி வச்சிருக்கேன்னேன். நம்ம பிள்ளையும் பழகிக்கிரட்டும்னேன். மாசமா இருக்குற பிள்ளையை. சீ! என்ன நினைச்சிருப்பாக என்னை. பந்தியில இத்தனை பேரு முன்னால, ஒரு நாத்தம் பிடிச்ச பொம்பளையைப் பாக்குற மாதிரித்தான் பாத்தாக. நான் பெருமையா நின்னேன்.

கறிப்பொடின்னா விட்டுட்டுப் போயிருப்பேன் தாயி. சத்தியமா. கோவத்துல சொன்னதுதானே அதெல்லாம். அந்தப் பாக்கெட்டையே கண்ணை மூடிட்டுத் தின்னுட்டு, பிள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருப்பேன். இதைன்னா... இதை எப்படி? இந்தா, எடுத்தது விரலுக்குள்ள அப்படியே இருக்கு. போடவும் மனசில்ல. கீழ உதறவும் மனசில்ல.

இரு. அவ சொன்னா சொல்லட்டும், பிள்ளைக்கு ஆகாதுன்னு சொல்றா, அது நியாயம். ஆனா கறியில எப்படி வரும்? கறிப்பொடி வேற, இது வேற. நான் எம்புட்டுச் சுத்தமா அரைக்கிறேன். காக்கா எச்சம்கூட விழ விடாதவ. சொன்னேன்ல ஒங்கிட்ட? கழுவி, காயவச்சு, கூடவே உக்காந்து, மருந்து போட்டுக்கிட்டு... முந்தானையில சலிச்சு...

இந்த முந்தானையில.

தாயி, ஒரு ஒத்தாசை பண்ணு. இந்தத் துணியை அவுத்துட்டு டப்பாவைத் தெற. என் கை வேணாம், நீயே தெற. மோந்து பாரு. பரவாயில்ல, மோந்து பாரு, எச்சிலெல்லாம் ஒண்ணுமில்ல. நான் மோந்தா எனக்குத் தெரியாதும்மா. மல்லி கருகினதே தெரியல எனக்கு. பூ வாசம் தெரிஞ்சே எம்புட்டுக் காலமாச்சு. நீ கிட்டக்க வச்சு, நல்லா இழுத்து மோந்துட்டு, உள்ளதைச் சொல்லு. பொய் சொல்லக் கூடாது. கறிப்பொடி வாசம் அடிக்குதா, இல்ல இந்த வாடை அடிக்குதா?

ஏன் மூஞ்சியை அங்கிட்டுத் திருப்புறே?

சொல்லிரு தாயி. சொல்லிட்டு அப்புறமா ஜன்னலைத் தெற.